எந்தக் கம்பெனி வண்டி எடுக்கலாம்? டெல்டாப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிக்குக் கிழக்கே எங்கள் ஊர். குறுவைக்கும் சம்பாவுக்கும் சொந்த டிராக்டர்தான் ஓட்டுகிறோம். ஊரில் யார் வண்டி எடுக்கப் போனாலும் "நீயும் வாப்பா" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள், அப்படிப் போய்ப் போய்க் கற்றுக்கொண்டதுதான் இதெல்லாம். வண்டி விற்பது என் தொழில் இல்லை, எந்த ஷோரூமிலும் எனக்குக் கமிஷன் கிடையாது. திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள் வருவதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து ஒரே கம்பெனி டிராக்டர்தான். புதுசும் அதிலேயே எடுத்தால் என்ன?

எடுக்கலாம். ஆனால் அப்பா அதை எதற்காக எடுத்தார் என்று முதலில் அவரிடமே கேட்டுவிடுங்கள். எங்கள் அப்பா தொண்ணூறுகளில் எடுத்த வண்டிக்கு அவர் சொன்ன காரணம் இதுதான்: அதற்கு மட்டும்தான் டவுனில் மூன்று கடையில் சாமான் கிடைத்தது, எங்கள் பட்டறை மேஸ்திரிக்கு அந்த எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டத் தெரியும். அந்த வண்டி இருபது வருஷத்துக்கு மேல் உழைத்தது. நாங்கள் பிள்ளைகள் அந்தக் காரணத்தை விட்டுவிட்டு வண்டியின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டோம். அதே கம்பெனியில் அடுத்த வண்டி எடுத்தபோது மாடல் வேறு, கியர் பாக்ஸ் வேறு, டவுனில் இருந்த டீலரும் கடையை மூடிவிட்டுப் போயிருந்தார். அதை விசாரிக்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. முதல் சம்பாவிலேயே, நாற்றுப் பறித்து முடி கட்டி வரப்பில் வைத்திருந்த நேரத்தில், ஹைட்ராலிக் பம்ப் போய்விட்டது. சாமான் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றார்கள், ஒன்பது நாள் வண்டி கொட்டகையில் நின்றது. பறித்த நாற்று ஒன்பது நாள் காத்திருக்குமா? வாடகை டிராக்டருக்கு ஊர் ஊராக அலைந்தோம், எல்லோருக்கும் அதே நேரத்தில்தானே சேற்றுழவு.

அதனால் நான் சொல்வது, அப்பா எடுத்த கம்பெனியை எடுப்பதைவிட அப்பா பார்த்த விஷயங்களைப் பாருங்கள். பார்த்த பிறகு அதே கம்பெனிதான் வருகிறது என்றால் தாராளமாக எடுங்கள்.

பெயர் பெற்ற கம்பெனி என்றால் ஒரு தரம் இருக்குமே?

இருக்கும். ஆனால் நீங்கள் நம்புகிற பெயருக்குப் பின்னால் இன்று யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் ஊரில் இன்னமும் எல்லோரும் "ஹீரோ ஹோண்டா" என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் கூட்டுக் கம்பெனி 1984-இல் தொடங்கியது, 2010 முடிவில் பிரிவதாக அறிவித்து 2011-இல் ஹீரோ மோட்டோகார்ப் ஆகிவிட்டது. இப்போது ஹீரோவும் ஹோண்டாவும் எதிர் எதிர்க் கடை. டிராக்டரிலும் இதே கதை உண்டு. மஹிந்திராவா ஸ்வராஜா என்று டீக்கடையில் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஸ்வராஜ் 2007-லேயே மஹிந்திரா கைக்கு வந்துவிட்டது. ஐஷர் டிராக்டரை 2005-இல் சென்னையைச் சேர்ந்த டாஃபே கம்பெனி வாங்கியது, நாம் "மாஸி" என்று சொல்கிற மாஸி ஃபெர்குசனைச் செய்வதும் அதே டாஃபேதான். வண்டிகள் வேறு வேறாகத்தான் இருக்கின்றன, அதில் சந்தேகமில்லை, ஆனால் லாபம் ஒரே பெட்டிக்குப் போகிறது.

காரில் இன்னும் வெளிப்படை. ஃபியட் வடிவமைத்த அந்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் மாருதி ஸ்விஃப்டிலும் இருந்தது, டாடா விஸ்டாவிலும் இருந்தது, ஃபியட் புன்டோவிலும் இருந்தது. மூன்றையும் வைத்திருந்தவர்கள் மூன்று விதமாகச் சத்தியம் செய்வார்கள். 2019-இல் வந்த டொயோட்டா கிளான்ஸா, மாருதியின் பலேனோதான். முகப்பும் பெயரும் மாறும், வாரன்டியும் சர்வீஸ் கடையும் மாறும். அந்த மாதிரி ஜோடி வண்டிகளில் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எந்தக் கடை இருக்கிறது, எதற்கு வாரன்டி அதிகம், எதற்குக் காத்திருக்கும் நாள் குறைவு என்று மட்டும் பார்த்தால் போதும்.

"நின்னு உழைக்கும்" என்று எதை வைத்துச் சொல்வது?

கெடாத வண்டி என்று ஒன்று இல்லை. காலையில் நின்ற வண்டி சாயங்காலத்துக்குள் திரும்ப வயலில் இறங்குமா, அதுதான் என் கணக்கு. அதைத் தெரிந்துகொள்ள ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் உதிரிபாகக் கடைக்குப் போங்கள். நீங்கள் மனதில் வைத்திருக்கிற மாடலின் பெயரைச் சொல்லி கிளட்ச் பிளேட், ஆயில் சீல், டீசல் ஃபில்டர், செல்ஃப் மோட்டார் என்று நாலு சாமான் கேளுங்கள். கடைக்காரர் எழுந்திருக்காமலேயே கையை நீட்டி எடுத்தால் அது நம் ஊர் வண்டி. "ஆர்டர் போடணும் தம்பி" என்றால் எத்தனை நாள், எவ்வளவு அட்வான்ஸ் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் பட்டறை. பகலில் போகாதீர்கள், மேஸ்திரிக்குப் பேச நேரம் இருக்காது. சாயங்காலம் டீ நேரத்தில் போய், "அண்ணே, உங்க சொந்தக் காசுன்னா எதை எடுப்பீங்க?" என்று கேளுங்கள். எங்கள் மேஸ்திரி இந்தக் கேள்விக்கு ஒரு கம்பெனி பெயரையும் சொன்னதில்லை. "எத்தனை மா நிலம்? வாடகைக்கு ஓட்டுவியா, சொந்த வேலைக்கா? வண்டி எங்க நிக்கும்?" என்று திருப்பிக் கேட்பார் (மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு). கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் பல வாரம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போதும் ஒரு கைப்பெட்டியோடு சைக்கிளில் வந்து வேலை பார்த்த மனிதர் அவர். என் விசுவாசம் அவருக்குத்தான்.

நம் மண்ணுக்கு டிராக்டரில் குறிப்பாக எதைப் பார்க்கணும்?

இதுதான் முக்கியமான கேள்வி, இதற்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும். விளம்பரத்தில் காட்டுகிற வண்டி காய்ந்த நிலத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடும். நம் வண்டி முட்டியளவு சேற்றில் கேஜ் வீல் (புதையாமல் இருக்க மாட்டுகிற இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிக்கொண்டு, பின்னால் ரோட்டவேட்டரோடு (சேற்றைக் கலக்குகிற சுழல் கலப்பை) ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உழல்கிறது. ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு (மேட்டூரை ஜூன் 12-இல் திறப்பதுதான் வழக்கம், சில வருஷம் முன்னே பின்னே ஆகும்) எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் அவசரம். அந்தச் சில வாரத்தில் வண்டி படுகிற பாடு மற்ற மாதம் முழுவதும் பட்டாலும் வராது.

சேறு வண்டிக்குள் நுழைகிற இடம் ஆயில் சீல், அதாவது ஆயில் கசியாமல் தடுக்கிற ரப்பர் வளையம். முன் ஆக்ஸிலின் ஹப்பில் இருக்கும், ரோட்டவேட்டர் ஷாஃப்ட் ஓரத்தில் இருக்கும். வயலில் கிடக்கிற வைக்கோலும் பழைய நைலான் கயிறும் ஷாஃப்டில் சுற்றிச் சுற்றி இறுகி, ரப்பர் சீலை அறுத்துவிடும். வெளியில் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் சந்தேகத்தில் எங்கள் வண்டியின் முன் ஆக்ஸில் வடிகால் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். தேன் நிறத்தில் வர வேண்டிய ஆயில், பால் கூடப்போன டீ மாதிரி வெளுத்து வந்தது, விரலில் தேய்த்தால் நற நறவென்று மணல். தண்ணீர் கலந்துவிட்டது. ஒரு சீலும் கொஞ்சம் ஆயிலும் மாற்றினால் தீர்ந்திருக்கும், நான் ஒரு போகம் கவனிக்காமல் விட்டதால் பேரிங்கும் பல்சக்கரமும் சேர்ந்து போயிருந்தன. அதிலிருந்து ஒவ்வொரு சேற்றுழவு முடிந்ததும் போல்ட்டைத் தளர்த்தி நிறம் பார்ப்பது பழக்கமாகிவிட்டது, நீங்களும் செய்யுங்கள், ஐந்து நிமிஷ வேலை.

அதனால் டிராக்டர் பார்க்கும்போது சீல் எந்த இடத்தில் இருக்கிறது, அதைச் சேற்றிலிருந்து மறைக்க உறை இருக்கிறதா, மாற்ற ஆக்ஸிலையே பிரிக்க வேண்டுமா என்று கேளுங்கள். பிரேக் ஆயிலுக்குள் மூழ்கிய வகையாக இருந்தால் நல்லது, உலர்ந்த பிரேக்கில் சேற்றுத் தண்ணீர் இறங்கினால் தேய்மானம் சீக்கிரம் வரும். ஆழ்சேறு உள்ள வயலுக்கு எடை குறைந்த, நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி நன்றாக வேலை செய்யும், புதையாது. ஆனால் முன் ஆக்ஸிலில் பல்சக்கரம் கூடுவதால் மேலே சொன்ன ஆயில் கவனமும் கூட வேண்டும். குபோட்டா மாதிரி இலகுவான வண்டிகளை நாற்று வயலில் பிடித்துப்போய் எடுத்தவர்கள் இருக்கிறார்கள், டிப்பரில் கரும்பும் நெல்லும் இழுக்க எடைதான் வேண்டும் என்று பழைய கனமான வண்டியை விடாதவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் சரி. வேலை வேறு.

இன்னொன்று, 50 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் புதிய புகைக் கட்டுப்பாடு வந்தது. அந்த வண்டிகளில் காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கிற அமைப்பு), சென்சார், கம்ப்யூட்டர் பெட்டி எல்லாம் வந்துவிட்டன. ஒரு விளக்கு எரிந்தால் லேப்டாப்போடு கம்பெனி ஆள் வர வேண்டும். பத்து ஏக்கருக்குள் சொந்த வேலைக்கு என்றால் 50-க்குக் கீழேயே போதும் என்பது என் அபிப்பிராயம். ரேடியேட்டர் வலையைக் கையால் கழற்றி வைக்கோல் தூசு தட்ட முடிகிறதா என்பதையும் கடையிலேயே கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்று. எந்த லோடு வண்டி தாங்கும்?

குட்டி யானை (டாடா ஏஸ்) 2005-இல் வந்தது, அதோடு அசோக் லேலண்ட் தோஸ்த், பொலேரோ பிக்கப் எல்லாம் ஓடுகின்றன. எதற்கும் உப்பு என்றால் ஒன்றுதான். மீன் ஏற்றுகிற வண்டியின் தளத்துக்குக் கீழே ஒரு முறை குனிந்து பாருங்கள், பெட்டியிலிருந்து வடிகிற ஐஸ் தண்ணீர், உப்போடு சேர்ந்து, தள இரும்பும் சேசிஸும் சேருகிற இடத்தில் தேங்கி நிற்கும். அங்கேதான் முதலில் அரிக்கும். தளத்துக்கு மேல் தகடு போட்டு, தண்ணீர் சேசிஸில் படாமல் வெளியே போகக் குழாய் வைத்தவர்களின் வண்டிகள் அதே கம்பெனியில் அதே வருஷத்து வண்டிகளைவிட நன்றாக இருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தினமும் நல்ல தண்ணீரில் அடிப்பாகம் கழுவ வேண்டும். உப்புத் தண்ணீர் போர் உள்ள வீடாக இருந்தால் அந்தத் தண்ணீரில் கழுவாதீர்கள், தயவுசெய்து.

சர்வீஸ் கடை தூரமும் இங்கே பெரிய விஷயம். வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். வண்டியை இன்னொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிற செலவை விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

இரு சக்கர வண்டியில் எது லாபம்? மைலேஜ் மட்டும் பார்த்தால் போதுமா?

மைலேஜ் முக்கியம்தான், கணக்குப் போட்டே சொல்கிறேன். தினம் 30 கிலோமீட்டர், வருஷம் 300 நாள் ஓட்டினால் 9,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 60 கொடுக்கிற வண்டிக்கு 150 லிட்டர், 50 கொடுக்கிற வண்டிக்கு 180 லிட்டர். பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் வருஷம் 3,000 வித்தியாசம், பத்து வருஷத்தில் 30,000. ஆகவே கடையில் ஐயாயிரம் குறைத்துக் கொடுத்தார்கள் என்று மைலேஜ் குறைந்த வண்டியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். வாரத்துக்கு ஒரு நாள் கடைத்தெருவுக்கு மட்டும் எடுக்கிறவருக்கு இந்தக் கணக்கே வேண்டாம், அவர் விற்கும்போது என்ன கிடைக்கும் என்று பார்க்கட்டும்.

உர மூட்டை, புல்லுக்கட்டு, பால் கேன் என்று சுமக்க டிவிஎஸ் எக்ஸெல்லுக்கு நிகராக எங்கள் பக்கம் எதுவும் வரவில்லை. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50-இன் வாரிசு அது. முன்னால் கால் வைக்கிற இடத்தில் ஒரு மூட்டை நிற்கும், கியர் கிடையாது, வரப்பு ஓரத்துச் சறுக்கலில் அம்மாவாலும் ஓட்ட முடிகிறது. இதைப் பெயர்ப் பற்று என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், வேலை அப்படி.

கம்பெனியே கடையைக் கட்டிவிட்டால்?

நடந்திருக்கிறது. செவர்லே 2017-உடன் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்து, மறைமலை நகர் ஆலையிலும் அடுத்த வருஷம் உற்பத்தியை முடித்துக்கொண்டது. அம்பாசடர் 2014 மே மாதத்தோடு நின்றது. பயந்து அடிமாட்டு விலைக்கு விற்றவர்களும் உண்டு, வைத்து ஓட்டுகிறவர்களும் உண்டு. அம்பாசடர் மாதிரி எளிய வண்டியை ஊர் மேஸ்திரியே லேத்தில் கடைந்து ஓட்டிவிடுவார், சென்சார் நிறைந்த வண்டிக்கு அந்த வழி கிடையாது. புதிதாக வந்த கம்பெனியின் வண்டி பிடித்திருந்தால், எஞ்சினும் கியர் பாக்ஸும் வேறு எந்த வண்டியிலும் பொதுவாக இருக்கிறதா என்று விசாரியுங்கள். பொதுவாக இருந்தால் சாமான் எப்படியும் வரும்.

பழைய வண்டி எடுக்கலாமா?

எடுக்கலாம், நானே எடுத்திருக்கிறேன். ஆனால் நம் பக்கம் வெள்ளத்தில் நின்ற வண்டிதான் பெரிய ஆபத்து. காரில் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், மேலே எவ்வளவு கழுவினாலும் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். சீட் ஓடுகிற தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி பள்ளத்தில் வண்டல், ஏசி போட்டால் மக்கல் வாசம், இதில் ஒன்று இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். (உங்கள் சொந்த வண்டி வெள்ளத்தில் நின்றால் சாவியைத் திருப்பவே கூடாது. தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், சாதாரண இன்சூரன்ஸில் அதற்குப் பணம் வராது, எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருந்தால்தான் வரும்.)

டிராக்டர் என்றால் சொல்லாமல் காலையில் போங்கள். எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னாலேயே யாரோ ஸ்டார்ட் பண்ணிச் சிரமத்தை மறைத்திருக்கிறார்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குப் குப்பென்று தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்தது. கலப்பையைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு டீ குடித்து வாருங்கள், அதற்குள் கலப்பை தரையில் உட்கார்ந்திருந்தால் ஹைட்ராலிக் வேலை இருக்கிறது, விலையில் பேசுங்கள். ஆர்சி புத்தகத்தில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் கடன் முடிந்த சான்றும் 35-ஆம் எண் படிவமும் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கி உடனே பெயர் மாற்றுங்கள், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டவர்கள் அலைந்ததை நிறையப் பார்த்துவிட்டேன்.

பேட்டரி ஸ்கூட்டர்?

டவுனுக்குள் போய் வர, வீட்டில் சார்ஜ் போட இடம் இருந்தால் செலவு குறைவு. பேட்டரிக்கு எத்தனை வருஷ வாரன்டி, தண்ணீர் புகுந்தால் அந்த வாரன்டி நிற்குமா, கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ சர்வீஸ் கடை உண்மையிலேயே ஆள் வைத்து நடக்கிறதா என்று நேரில் போய்ப் பார்க்காமல் எடுக்க வேண்டாம். எலியையும் மறக்காதீர்கள், அறுப்பு முடிந்ததும் வயலிலிருந்து வீட்டுக்கு வரும், புது வண்டிகளின் ஒயர்தான் அதற்கு முதல் தீனி.

பெரியப்பா அந்தக் கம்பெனியைத் தவிர வேறு எதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

அவரோடு வாதம் பண்ணாதீர்கள். அவர் வாழ்ந்த காலத்தில் அந்த வண்டிதான் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது, அந்த நன்றியை நாம் குறைத்துப் பேசக்கூடாது. அவரையே பட்டறைக்கும் சாமான் கடைக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். நாங்கள் எங்கள் பெரியப்பாவை டெமோ வண்டியில் உட்கார வைத்து, எங்கள் வயலிலேயே ஒரு மா சேறு ஓட்டச் சொன்னோம். (டீலரிடம் கேட்டால் வயலுக்கே கொண்டுவந்து ஓட்டிக் காட்டுவார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.) இறங்கி வந்து காலைக் கழுவிக்கொண்டே, "கிளட்ச் இலகுவா இருக்குடா, என் முட்டிக்கு இதுதான் சரி" என்றார். அவ்வளவுதான் நடந்தது.

டெலிவரி எடுக்கிற அன்று என்ன பார்ப்பது?

மாலை, எலுமிச்சம்பழம் எல்லாம் ஆகட்டும். அதற்கு முன்னால் டயர் ஓரத்தில் நாலு இலக்கம் அச்சடித்திருக்கும், 2324 என்றால் 2024-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் செய்த டயர். ஐந்துக்கும் அதைப் பாருங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து. ரசீதில் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் குத்தியிருக்கிற எண்ணும் ஒன்றா என்று நீங்களே குனிந்து வாசியுங்கள். வண்டி எந்த மாதம் செய்தது என்று கேளுங்கள், போன வருஷத்து வண்டி என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், குறைப்பார்கள்.